அதே பெட்ரோல், பொடித் துளிகள்: பழைய எஞ்சினில் காயலான் கடை இன்ஜெக்டர்

பழைய பெட்ரோல் வண்டிக்கு, எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றப் போவதாகச் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "பவர் எவ்வளவு ஏறும்?" என்பதுதான். அநேகமாக ஏறாது. ஏற வேண்டும் என்று பெரிய இன்ஜெக்டராகத் தேடிப் போடுகிறவர்கள் மைலேஜையும் கெடுத்து, கரும்புகையையும் வரவழைத்து, கடைசியில் பழையதையே திருப்பி மாட்டுவது வழக்கம். இந்த மாற்றத்தில் உருப்படியான பலன் வேறு இடத்தில் இருக்கிறது: பெட்ரோலின் அளவு அப்படியே இருக்க, துளிகள் மட்டும் சிறிதாக வேண்டும்.

1980களிலும் 90களிலும் வந்த பல எஞ்சின்களில் ஒரே துளை கொண்ட இன்ஜெக்டர்கள்தான் இருந்தன. பின்னால் வந்த வண்டிகளில் நான்கு துளை, அதற்கும் மேல் என்று நுனி மாறிக்கொண்டே போனது. ஆனால் பல வகைகளில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் இடமும் உடலின் நீளமும் பழையதோடு ஒத்துப்போயின. காயலான் கடைக்கு வேலை வந்தது இதனால்தான். விபத்தில் நொறுங்கிய புதிய தலைமுறை வண்டி ஒன்றிலிருந்து ஒரு செட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, பழைய எஞ்சினில் மாட்டலாம். 1987 முதல் 2006 வரை தயாரான ஜீப்பின் 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் இந்த வேலைக்குப் பேர்போனது.

இன்ஜெக்டர் என்பது அடிப்படையில் மின்சாரத்தால் திறக்கும் ஒரு சின்ன வால்வு. பெட்ரோல் பம்ப், எல்லா இன்ஜெக்டருக்கும் பெட்ரோலைப் பிரித்துத் தரும் 'ரெயில்' என்ற குழாயில் ஏறக்குறைய 3 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தை எப்போதும் தேக்கி வைத்திருக்கும். உள்ளே ஒரு கம்பிச்சுருள், ஒரு ஸ்பிரிங், ஒரு ஊசி. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தப்புலம் ஊசியை மேலே இழுக்கும். நின்றதும் ஸ்பிரிங் அதைத் திருப்பி அழுத்தும். ஊசி எழும்புவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதாக மாற்றி வண்டியின் கணினி கட்டளை கொடுக்கிறது. 1967-ல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் வந்ததிலிருந்து இந்தத் தத்துவம் மாறவே இல்லை.

நேரமும் அளவும் எவ்வளவு சிறியவை என்று பாருங்கள். நிமிடத்துக்கு 200 மில்லி தரும் இன்ஜெக்டர், ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஊசி நிஜமாகத் திறந்திருக்கும் 2 மில்லிசெகண்டில் தருவது 0.007 மில்லிக்கும் குறைவு. சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டில் ஏழில் ஒரு பங்கு. அதைத்தான் நூறு, நூற்றைம்பது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) துளிகளாக உடைத்துக் காற்றோடு கலக்க வேண்டும்.

பழைய ஒற்றைத் துளை வகையில் ஊசியின் மூக்கு துளை வழியாகச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் அந்த மூக்கைச் சுற்றி வளையமாக வெளியேறி, தடித்த துளிகளாகப் பிரியும். புது வகையில் நுனியில் ஒரு மெல்லிய தகடு, அதில் நுண்ணிய துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் இழை போல வரும் பெட்ரோல் சீக்கிரமே பொடியாக உடைந்துவிடும்.

துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது. அதன் ஆவிதான் எரியும். சுருட்டிப் போட்ட ஈரத்துணியைவிட விரித்துப் போட்டது சீக்கிரம் காய்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: பரப்பு. 200 மைக்ரான் துளி ஒன்றை 100 மைக்ரான் துளிகளாக உடைத்தால் எட்டு துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு இரட்டிப்பாகும். அதைவிடச் சுவாரஸ்யமானது ஆவியாகும் நேரம். அது விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், பாதி விட்டமுள்ள துளி நாலில் ஒரு பங்கு நேரத்திலேயே மறைந்துவிடும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் உறிஞ்சுவது முதல் புகையை வெளியேற்றுவது வரை மொத்தச் சுழற்சியும் 20 மில்லிசெகண்டில் முடிகிறது. ஆறஅமர ஆவியாக அங்கே நேரமில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எஞ்சின் சூடாகிவிட்டால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்ஜெக்டர் தெளிப்பது, சிலிண்டருக்குள் காற்றையும் பெட்ரோலையும் விடும் இன்டேக் வால்வின் முதுகை நோக்கி. அந்த வால்வு கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருப்பதால், தடித்த துளியும் அங்கே பட்டு ஆவியாகிவிடும். பல பழைய எஞ்சின்களில் வால்வு மூடியிருக்கும்போதே பெட்ரோல் தெளிக்கப்படுவதால் அதற்குப் போதிய அவகாசமும் உண்டு. ஆகவே பலன் தெரிவது குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதும், ஐடிலிங்கிலும், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும் அந்தக் கணத்திலும்தான். முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்பவர் பொய் சொல்லவில்லை.

மறுபக்கம், மாற்றியதும் வண்டி புதுசு மாதிரி ஓடுகிறது என்று பூரிப்பவர்களும் உண்டு. அந்தப் பூரிப்பில் பெரும் பங்கு, அடைத்துக்கொண்டிருந்த பழைய இன்ஜெக்டர் ஒழிந்ததால் வந்தது என்பது என் கணிப்பு. எஞ்சினை நிறுத்திய பிறகு சற்று நேரத்துக்கு இன்ஜெக்டர் நுனியின் சூடு ஏறும். ஒட்டியிருக்கும் பெட்ரோலின் லேசான பகுதி பறந்து, கனமான பகுதி பிசினாகப் படியும். அமெரிக்காவில் 1980களின் நடுவில் இது பெரிய தலைவலியாகி, 1995 முதல் பெட்ரோலில் படிவு நீக்கும் சேர்மம் கட்டாயமாக்கப்பட்டது.

சரி, இப்போது சிக்கலான பகுதி. இன்ஜெக்டர் மாறியது கணினிக்குத் தெரியாது. பழைய இன்ஜெக்டரை நினைத்து எழுதிய அட்டவணைப்படியே அது நேரம் கணக்கிடும். ஆக்சிஜன் சென்சார் புகையை மோந்து பார்த்துத் திருத்தம் சொல்லும்; ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும் பெரும்பாலான பழைய கணினிகள் அந்தத் திருத்தத்தைக் கேட்பதில்லை. பெட்ரோல் குறைந்தால் எஞ்சினுக்கு ஆபத்தான நேரமும் அந்த முழு மிதிதான். அதனால் புதிய இன்ஜெக்டரின் பாய்ச்சல், அதாவது நிமிடத்துக்குத் தரும் பெட்ரோலின் அளவு, பழையதற்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும்.

பாய்ச்சல் என்று ஓர் எண்ணைக் கேள்விப்பட்டதும், அது எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேட்க வேண்டும். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். 4 பார் அழுத்தத்தில் ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜெக்டர் அங்கே நிமிடத்துக்கு 220 மில்லி தந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய எஞ்சினின் அழுத்தம் 2.7 பார் என்றால், அதே இன்ஜெக்டர் இங்கே ஏறக்குறைய 181 மில்லிதான் தரும். காகிதத்தில் 'பெரியது' என்று வாங்கியது, மாட்டியதும் சிறியதாகிவிடும்.

பாய்ச்சல் சரியாகப் பொருந்தியும் ஐடிலிங் தடுமாறுகிறதே என்று தலையைச் சொறிய வைப்பது இன்னொன்று. மின்சாரம் பாய்ந்ததும் ஊசி உடனே எழாது. காந்தப்புலம் உருவாக ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட் வீணாகும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் இந்தத் தாமதம் இன்னும் கூடும். பழைய இன்ஜெக்டருக்கு 1 மில்லிசெகண்ட், புதியதற்கு 0.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 மில்லிசெகண்ட் கட்டளையில் உண்மையில் திறந்திருக்கும் நேரம் 1.5-லிருந்து 1.7 ஆகிவிடும், பெட்ரோல் 13 சதவீதம் கூடுதல். அதே 0.2, 12 மில்லிசெகண்ட் கட்டளையில் 2 சதவீதம்கூட வராது. ஓடும்போது சமர்த்தாக இருந்துவிட்டு, நின்றால் மட்டும் வண்டி அடம்பிடிப்பது இதனால்தான்.

காயலான் கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். இன்ஜெக்டரின் இரண்டு முனைகளுக்கு இடையே அளந்தால் 12 முதல் 16 ஓம் காட்டும் வகை ஒன்று, 2 முதல் 3 ஓம் காட்டும் வகை இன்னொன்று. 14 வோல்ட்டில் முதல் வகை இழுக்கும் மின்சாரம் 1 ஆம்பியர் அளவில் இருக்கும். இரண்டாவது ஏறக்குறைய 5 முதல் 7 ஆம்பியர் வரை போகும். முதல் வகைக்கென்று செய்த கணினியில் இரண்டாவதை மாட்டினால், அடி வாங்குவது பெரும்பாலும் கணினிதான். அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் கருகலாம். கருகினால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கே போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து, ஒரே பார்ட் நம்பரில் எடுங்கள். நுனியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளைகளை எண்ணிவிடலாம். பெட்ரோல் நுழையும் வாயில் துரு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், அதைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. தெளிக்கும் திசையையும் கவனிக்க வேண்டும். சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு உள்ள எஞ்சின்களின் இன்ஜெக்டர் பெரும்பாலும் இரண்டு கிளையாகப் பிரிந்து தெளிக்கும். அதை ஒற்றை வால்வுப் பாதையில் மாட்டினால் பாதிப் பெட்ரோல் சுவரை நனைக்கும். பொடித் துளிக்காகப் பட்ட பாடு வீண். மின் இணைப்பின் வடிவம் மட்டும் மாறினால் கவலை இல்லை, அதற்கு அடாப்டர் உண்டு.

அப்புறம், மாட்டுவதற்கு முன் சுத்தம் செய்து அளந்து பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோவது அவசியம். அல்ட்ராசோனிக் தொட்டியில் ஊசி திறந்து மூடியபடியே கழுவுவார்கள். உள்ளே இருக்கும் சின்ன வடிகட்டியையும் ஓ-ரிங்கையும் மாற்றுவார்கள். பிறகு கண்ணாடிக் குழாய்களில் அருகருகே தெளிக்க விட்டு அளப்பார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் 2, 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல செட். இந்தச் சமநிலையை நான் மொத்தப் பாய்ச்சலைவிடப் பெரிதாக மதிக்கிறேன். காரணம், நான்கு சிலிண்டரின் புகையையும் சேர்த்து ஒரே ஆக்சிஜன் சென்சார்தான் மோப்பம் பிடிக்கிறது. ஒன்று 10 சதவீதம் குறைவாகவும் மற்றது 10 சதவீதம் அதிகமாகவும் தந்தால், சராசரி சரியாகத் தெரியும். கணினிக்கு ஒரு குறையும் தென்படாது. கட்டளை இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுத்துச் சொட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டும் இன்ஜெக்டர், நிறுத்திய வண்டியின் சிலிண்டர் சுவரிலிருந்து எண்ணெயைக் கழுவிவிடும்.

இவ்வளவும் இன்டேக் பாதையில் தெளிக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சினும், சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெட்ரோல் எஞ்சினும் வேறு உலகம். காமன் ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வீட்டு வாசலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

நம் 3 பாருக்கும் மரியாதை வேண்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தணித்து, எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ரெயிலில் கை வைக்க வேண்டும். புது ஓ-ரிங்கில் ஒரு துளி எஞ்சின் ஆயிலைத் தடவினால் கிழியாமல் இறங்கும். மாட்டி முடித்து, பேட்டரியையும் ஃபியூஸையும் திரும்பப் பொருத்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கணினியின் கணக்கைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைச் செருக முடிகிற வண்டி என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கணினி செய்யும் பெட்ரோல் திருத்தத்தை ஐடிலிங்கில் ஒரு தடவையும், சீரான வேகத்தில் ஒரு தடவையும் பாருங்கள். இரண்டிலும் 5 சதவீதத்துக்குள் என்றால் அப்படியே விட்டுவிடலாம். ஐடிலிங்கில் மட்டும் எகிறினால் திறக்கும் தாமதம் பொருந்தவில்லை. இரண்டிலும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டினால் பாய்ச்சலோ அழுத்தமோ பொருந்தவில்லை. ஸ்கேனர் வசதி இல்லாத வண்டியில், சில நாள் ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்குகளை வரிசை மாறாமல் கழற்றி, நுனியின் நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் வெளுத்திருந்தால், அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டரைத் திரும்ப அளக்க அனுப்ப வேண்டும்.