குளத்து மீனுக்குள் பற்றீரியா நுழையும் வழிகள்

வவுணதீவுப் பக்கத்தில் மண்குளம் வெட்டித் திலாப்பியா வளர்க்கும் ஒருவர், ஒரு நாள் அதிகாலையில் என்னை அழைத்து, "சேர், நேற்று ஆறு, இன்றைக்குப் பதினேழு மிதக்குது, மருந்தொன்று எழுதித் தாங்க" என்றார். போய்ப் பார்த்தபோது, இறக்கும் தறுவாயில் இருந்த மீன்களின் விலாவில் செதில் உரிந்து, அவ்விடத்தைச் சுற்றிச் செந்நிறமாகக் கன்றியிருந்தது. சிலவற்றின் வயிறு உப்பி, ஆசனவாயும் வீங்கியிருந்தது. நான்கு நாட்களுக்கு முன்பு, பெரியதையும் சிறியதையும் பிரிப்பதற்காக, உச்சி வெயிலில் முரட்டு முடிச்சு வலையால் குளத்தை இழுத்ததாக அவர் சொன்னார்.

இத்தகைய புண்களைப் பெரும்பாலும் உண்டாக்கும் ஏரோமோனாஸ் வகைப் பற்றீரியா வெளியிலிருந்து புதிதாக வந்து சேர்வதன்று. அது நன்னீர்க் குளங்களில் இயல்பாகவே இருக்கிறது. நலமான மீனின் குடலிலும் இருக்கிறது. மீனைத் தூக்கினால் கையில் ஒட்டுகின்ற அந்த வழுவழுப்புத்தான் அதைத் தடுத்து நிறுத்தும் முதல் அரண். கிருமிகளைத் தாக்கும் பொருட்கள் அதில் உண்டு. வலையின் முடிச்சு அதனை வழித்து, செதிலையும் பெயர்த்துவிட்டால், அதன் மேல் போர்த்தியிருந்த மெல்லிய தோலும் கிழிகிறது. அவ்வழியே புகுந்த பற்றீரியா சுரக்கும் நச்சுப்பொருட்கள் தசையைக் கரைத்து, செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. குருதியோடு அது சிறுநீரகத்தையும் மண்ணீரலையும் அடைந்த பிறகே வயிற்றில் நீர் கோத்து, கண் பிதுங்குகிறது. நாம் கரையில் நின்று காணும் அடையாளங்கள் பெரும்பாலும் பிந்தியவை.

செவுள் இன்னொரு வழி. நீருக்கும் குருதிக்கும் இடையே மிக மெல்லிய படலமே அங்கு இருப்பதால், கொலம்னாரிஸ் நோயைத் தரும் பற்றீரியா அதில் பற்றிக்கொண்டால், இழைகள் அழுகி மஞ்சட்பழுப்பாகி, உடலில் ஒரு காயமும் இல்லாமலே மீன் மூச்சுத் திணறி இறந்துவிடலாம். ஆகவே செவுள்மூடியைத் தூக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற இன்னொரு பற்றீரியா வாய் வழியாகவும் செல்லும். மூளையைத் தாக்குவதால் மீன் சுழன்று நீந்தும். இறந்த மீனை மற்றவை கொத்தித் தின்பதும் அது பரவும் வழி என்பதால், விடிந்தவுடன் செத்தவற்றை அள்ளிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பது அவசியம்.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இவை அனைத்தும் கூடுகின்றன. நீர் வற்றிச் சூடேற, ஒட்சிசன் குறைந்து, அதே மீன்கள் நெருக்கமாகின்றன. விடியற்காலையில் ஒட்சிசன் லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே அடிக்கடி இறங்கினால், மீனின் உடலில் நெருக்கடியில் ஊறும் அழுத்தச் சுரப்பு (ஹோர்மோன்) கூடி, நோயெதிர்ப்பு தளர்ந்துவிடும்.

நுண்ணுயிர்க்கொல்லியைத் தீனியில் கலந்து போடலாமே என்று பலர் கேட்கின்றனர். நோயுற்ற மீன் முதலில் நிறுத்துவதே தீனியைத்தான். மருந்தை நலமான மீன்களே தின்கின்றன. பரிசோதனையின்றிக் கொடுக்கும் மருந்து, எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளைப் பெருக்கி, எச்சமாக நம் சோற்றுத் தட்டுக்கும் வந்து சேரும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தக் குளத்தில் தீனியை நிறுத்தி, புதுநீர் பாய்ச்சி, சாகும் நிலையிலிருந்த மீனின் சிறுநீரகத்திலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினோம். ஒரு வாரத்துக்குள் இறப்பு நின்றது. அடுத்த முறை தரம் பிரிக்கும்போது அவர் முடிச்சில்லாத வலையோடு, கையை நனைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன்பே குளத்தில் இறங்கினார்.