எக்ஸ்டென்ஷன்: நீட்டிப்பு அல்ல, உள்ளெண்

கிண்டியில் ஓர் அலுவலகம். அங்கே வைத்த தொலைபேசி சர்வருக்கு, அதாவது அலுவலகத்தின் எல்லாப் போன்களையும் இணைக்கும் கணினிக்கு, தமிழில் கையேடு கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு தலைப்பு: 'மொத்த நீட்டிப்பு நிர்வாகம்'. அதைப் படித்த ஹெச்.ஆர். மேடம், "ஒப்பந்தப் பணியாளர் எல்லாருக்கும் நீட்டிப்பு வந்துடுச்சா சார்?" என்று கேட்டார். அவர் மேல் பிழையில்லை. நீட்டிப்பு என்றால் நமக்கு முதலில் காலம்தான் நினைவுக்கு வரும். கால நீட்டிப்பு, பணி நீட்டிப்பு, ஊரடங்கு நீட்டிப்பு.

கையேடு சொல்ல வந்தது 'பல்க் எக்ஸ்டென்ஷன் மேனேஜ்மென்ட்'. எக்ஸ்டென்ஷன் என்றால் அலுவலகத்துக்குள் ஒவ்வொருவரின் போனுக்கும் கொடுக்கும் எண். அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன்; இழுத்து நீட்டுவது என்று பொருள். ஒரே லைனிலிருந்து கம்பியை இழுத்து அடுத்த அறையில் இன்னொரு போன் வைத்ததால் வந்த பெயர். சரி, அன்று கம்பி நீண்டது. இன்று எது நீள்கிறது? எக்ஸ்டென்ஷன் 214 என்றால், அது அந்த சர்வருக்குள் ஓர் ஆளுக்கோ கருவிக்கோ கொடுத்த எண். தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடி செல்போன் செயலியில் பேசுகிறவருக்கும் அதே 214தான்.

ஆங்கிலச் சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டுமா? அண்ணா நகர் வெஸ்ட் எக்ஸ்டென்ஷனை யாராவது 'மேற்கு நீட்டிப்பு' என்பார்களா? விரிவு என்கிறோம், விரிவாக்கம் என்கிறோம். இடம் என்றதும் சொல்லை மாற்றத் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி என்றால் மட்டும் ஏன் அகராதியின் முதல் வரியோடு கை நின்றுவிடுகிறது? மொழிபெயர்ப்பவர் அந்த சர்வரின் திரையை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும். பார்ப்பதில்லை. சொற்பட்டியல் வருகிறது, நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

'கிளை எண்' என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல தமிழ்தான், ஆனால் நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் 'கிளை எண் 12' என்றால் மதுரைக் கிளையா, மாடியில் இருக்கும் போனா? எனக்கு உள்ளெண்தான் சரியாகப் படுகிறது. உள் என்பது கட்டடத்தை அல்ல, சர்வரைக் குறிக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும்: ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வர் மென்பொருளின் டயல்பிளானில், அதாவது எந்த அழைப்பை என்ன செய்வது என்று எழுதிவைக்கும் விதிகளில், எக்ஸ்டென்ஷன் என்பது எண்ணாகவே இருக்க வேண்டியதில்லை, வெறும் எழுத்தாகவும் இருக்கலாம். அங்கே உள்ளெண் பொருந்தாது; எக்ஸ்டென்ஷன் என்றே எழுதிவிடலாம்.

அப்புறம் அந்த 'மொத்த'. மொத்த விலை, மொத்த வியாபாரம் என்று பழகிய காதுக்கு அது வேறு எங்கோ போகும். நடக்கிற வேலை என்ன? ஆஸ்டரிஸ்க்கைத் திரையில் நிர்வகிக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸில் பல்க் ஹேண்ட்லர் என்று ஒரு பகுதி உண்டு. இருக்கிற எண்களை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இறக்கி, எண், பெயர், கடவுச்சொல் என்று வரிவரியாக நிரப்பித் திரும்ப ஏற்றினால், இருநூறு பேருக்கும் ஒரே தடவையில் எண் அமைந்துவிடும். (விரிதாளில் திறக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகும், கவனம்.) இதற்கு 'உள்ளெண்களை ஒருசேர நிர்வகித்தல்' என்று எழுதுங்கள். ஒருசேரச் சேர்க்கலாம், ஒருசேர மாற்றலாம், ஒருசேர நீக்கலாம். இரண்டு எழுத்து கூடினால் கூடட்டும்.

அதோடு, அலுவலகங்களுக்குப் போன் செய்தால் ஒலிக்கும் 'நீட்டிப்பு எண் தெரிந்தால் அழுத்தவும்' என்ற பதிவையும் மாற்றுங்கள். 'உள்ளெண் தெரிந்தால் அழுத்தவும்.'