கறண்ட் பில்லில வாற யூனிட் எண்டா என்ன, தமிழில எப்பிடிச் சொல்றது

"இந்த மாசம் எத்தனை யூனிட் ஓடியிருக்கு" எண்டு எல்லாரும் கேக்கிறம், ஆனா யூனிட் எதின்ர அளவு எண்டு கேட்டா கனபேர் கறண்ட்டின்ர அளவு எண்டுதான் சொல்லுவினம். அது சரியில்லை. கறண்ட்டை அளக்கிறது அம்பியரில, யூனிட் எண்டது நாங்கள் பாவிச்ச மின்சக்தியின்ர அளவு.

சொல்லின்ர வேர் லத்தீன் ஊனுஸ், ஒண்டு எண்டு கருத்து. மின்சாரத்துக்கு இந்தப் பேர் 1880களில பிரிட்டனில வந்தது, அங்க மின்சார வழங்கலுக்கு விதி போட்ட அரசாங்கப் பிரிவு போர்ட் ஒஃப் ட்ரேட், அதால போர்ட் ஒஃப் ட்ரேட் யூனிட் எண்டு சொல்லத் தொடங்கி பிறகு முன்பாதி கழண்டு வெறும் யூனிட் ஆயிட்டுது. மீற்றர் முகப்பில இருக்கிற கே.டபிள்யூ.எச். தான் இந்த யூனிட், அதின்ர முழுப்பேர் கிலோவாட் அவர் (hour, மணித்தியாலம்). வாட் எண்டது ஜேம்ஸ் வாட்டின்ர பேர், அதைப் பவரின்ர அளவாக்கச் சொல்லி 1882இல முன்மொழிஞ்சவர் பொறியியலாளர் வில்லியம் சீமென்ஸ்.

எங்கட இலங்கைப் பள்ளிக்கூடப் புத்தகங்களில வாட்டை உவாற்று எண்டு எழுதுவினம், பவர் வலு, எனர்ஜி சக்தி. தமிழ்நாட்டில இதே ரெண்டும் திறன், ஆற்றல். எனக்கு வலு தான் பிடிக்கும், "வலு கெட்டிக்காரன்" எண்டு தினமும் வாயில வாற சொல்லு, பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தவும் சுகம். யூனிட்டுக்கு அலகு எண்டு போடலாம்தான், யாப்பில அலகிடச் சொல்லித் தந்த அதே அலகு, ஆனா அது எல்லா அளவைக்கும் பொது, நீளத்துக்கு மீற்றரும் அலகு, நிறைக்குக் கிலோவும் அலகு. அதால எழுதேக்க கிலோவாற்று மணித்தியாலம் எண்டே எழுதுங்கோ, கதைக்கேக்க யூனிட் எண்டு சொன்னா ஒரு குறையுமில்லை. "மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோவாட்" எண்டு மட்டும் எழுதாதேங்கோ, கருத்தே மாறிப்போகும், வலுவை நேரத்தால பெருக்கிறதே தவிர பிரிக்கிறதில்லை.

1000 வாட் அயன் விடாம ஒரு மணித்தியாலம் சூடாகினா ஒரு யூனிட். 9 வாட் எல்ஈடி பல்ப் அதே ஒரு யூனிட்டில 111 மணித்தியாலம் எரியும். பழைய சில்லு மீற்றர் இருந்தா நீங்களே பாக்கலாம், முகப்பில ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று எண்டு போட்டிருந்தா, 1000 வாட் சாமான் ஒண்டு மட்டும் ஓடேக்க சில்லு 6 செக்கனுக்கு ஒருக்கா சுத்தும், சில்லில இருக்கிற கறுப்புக் கோட்டை வச்சு எண்ணிப் பாருங்கோ. டிஜிட்டல் மீற்றரில சில்லுக்குப் பதிலா சின்னச் சிவப்பு லைட் மினுங்கும், கணக்கு அதேதான்.

கொழும்பில வெள்ளவத்தைப் பக்கம் அனெக்ஸில, அதாவது வீட்டுக்காரற்ற வீட்டோட சேர்ந்த வாடகைப் பகுதியில, இருக்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ. வீட்டுப் பாவனைக்கு மாசம் 60 யூனிட்டைத் தாண்டினா கட்டண அட்டவணையே வேற, மேல போகப் போக ஒரு யூனிட்டின்ர விலையும் கூடும். அனெக்ஸுக்கு எண்டு தனியா வச்ச சப் மீற்றரில உங்களுக்கு 50 தான் காட்டினாலும் மெயின் மீற்றரில ரெண்டு வீட்டு யூனிட்டும் சேர்ந்துதான் விழும், விலை வாறது அந்த மொத்தத்துக்கு. வீட்டுக்காரரோட கதைச்சு, ஒரு யூனிட் என்ன விலை எண்டதை மெயின் பில்லைப் பாத்தே முடிவெடுங்கோ.