ஆக்சஸில் ஆட்டோநம்பர்: அழித்த எண் ஏன் திரும்பி வருவதில்லை?

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாப்ட் ஆக்சஸில் சோதனைக்காகப் பத்துப் பதிவுகளைப் போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு உண்மையான முதல் பதிவைத் தொடங்கினால், ஒவ்வொரு பதிவுக்கும் தானாக வரிசை எண் தரும் புலமான ஆட்டோநம்பர் 11 என்று காட்டும். அட்டவணையில் உள்ள பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டி அது எண் தருவதில்லை. அடுத்த எண் எது என்பதைத் தனியே குறித்து வைத்திருக்கிறது. புதிய வரியில் முதல் எழுத்தைத் தட்டியதுமே ஓர் எண் செலவாகிவிடும். எஸ்கேப் அழுத்தி அந்த வரியைக் கைவிட்டாலும் எண் திரும்பாது. வங்கியில் டோக்கன் எடுத்தவர் பாதியில் கிளம்பிப் போனால் அந்த எண் வீண்தான், அதுபோல. பலர் ஒரே கோப்பில் எழுதும்போது ஒருவர் சேமிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டாம் என்பதற்கே இந்த ஏற்பாடு.

அட்டவணை காலியாக இருந்தால் வேலை சுலபம். கோப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, டேட்டாபேஸ் டூல்ஸ் தாவலில், கோப்பைச் சுருக்கிச் சீர்செய்யும் 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். எண் 1-இலிருந்து தொடங்கும்.

எண்ணை முன்னே தள்ளுவதும் எளிது. 5001-இல் தொடங்க வேண்டுமா? அப்பெண்ட் வினவல் (அட்டவணையில் பதிவு சேர்க்கும் கட்டளை) வழியாக அந்தப் புலத்தில் 5000 உள்ள பதிவு ஒன்றைச் சேர்த்து, பிறகு அழித்துவிடுங்கள். கட்டாயப் புலங்கள் இருந்தால் அவற்றுக்கும் ஏதாவது மதிப்பு தர வேண்டும். அட்டவணை காலியாக இருக்கும்போது இதைச் செய்தால், உண்மையான பதிவு ஒன்றைச் சேர்க்கும்வரை காம்பாக்ட் செய்யாதீர்கள். பட்ட பாடு வீணாகும்.

இன்னொரு வழி, அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் என்ற எஸ்க்யூஎல் கட்டளை. அதில் புலத்தின் வகையைக் 'கவுண்ட்டர்(501, 1)' என மாற்ற வேண்டும்: முதல் எண் தொடக்கம், அடுத்தது ஒவ்வொரு முறையும் கூட வேண்டிய அளவு. ஆல்ட்+எஃப்11, பிறகு கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் திறக்கும், கட்டளைகளை நேரடியாகத் தட்டி ஓட்டும் இம்மீடியட் சாளரத்தில், கரன்ட்ப்ராஜெக்ட் இணைப்பின் (CurrentProject.Connection) எக்ஸிக்யூட் வழியாக இதை ஓட்டுவது நல்லது. அட்டவணை மூடியிருக்க வேண்டும். புலம் வேறு அட்டவணையோடு உறவில் இருந்தால் கட்டளை மறுக்கப்படும். அந்த மறுப்பை ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பலரும் சறுக்குவது இங்கேதான். அட்டவணையில் 340 வரை பதிவுகள் இருக்கையில் தொடக்கத்தை 200 ஆக்கினால், ஏற்கெனவே உள்ள எண்ணே மீண்டும் வரும். அந்தப் புலம் முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலமாக) இருந்தால் சேமிக்க விடாமல் பிழை காட்டும். ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் தனித்துவக் குறியீடு (யூனிக் இண்டெக்ஸ்) எதுவுமே இல்லாவிட்டால் சத்தமில்லாமல் இரட்டை எண் விழும், அது இன்னும் மோசம்.

இடைவெளிகளை மூட, புலத்தையே நீக்கி மறுபடி சேர்ப்பவர்களும் உண்டு. எண்கள் அழகாக வரிசையாகும். ஆனால் வாடிக்கையாளர் அட்டவணையில் இப்படிச் செய்தால், ரசீது விவர அட்டவணையில் வாடிக்கையாளர் எண் 17 என்று பதிந்தவை இப்போது வேறொரு வாடிக்கையாளரைச் சுட்டும். எண் தீர்ந்துபோகும் என்ற பயத்துக்கும் இடமில்லை, 2,147,483,647 வரை போகலாம்.

விடுபடாத ரசீது எண்தான் தேவையென்றால் ஆட்டோநம்பரை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. தனியாக ஓர் எண் புலம் வைத்து, படிவத்தில் பதிவு சேமிக்கப்படும் முன் நடக்கும் பிஃபோர் அப்டேட் நிகழ்வில், புதிய பதிவுக்கு மட்டும், டிமேக்ஸ் சார்பு (DMax) தரும், புலத்தில் உள்ள பெரிய எண்ணோடு 1 கூட்டி நிரப்புங்கள். முதல் பதிவில் டிமேக்ஸ் வெறுமையைத் தரும். என்இசட் சார்பால் (Nz) அதைச் சுழியம் ஆக்கிவிட வேண்டும். இருவர் ஒரே நொடியில் சேமித்தால் ஒரே எண் வரக்கூடும் என்பதால் அந்தப் புலத்துக்குத் தனித்துவக் குறியீடும் போட்டு வையுங்கள்.