கொட்டிடுற அந்தப் பனிக்குடத் தண்ணி

நான் குரோமோசோம் லேப்ல வேலை பாக்குறேன். ஆம்னியோ, அதாவது வயித்துல ஊசி வெச்சு பனிக்குடத் தண்ணி எடுத்துப் பாக்குற டெஸ்ட், அதோட ரிப்போர்ட் வாங்க வந்த ஒரு கர்ப்பிணி, "எங்கிட்ட எடுத்ததுல மிச்சத்த என்னங்க பண்ணுவீங்க"ன்னு கேட்டாங்க. ரிப்போர்ட் போற வரைக்கும் அந்தத் தண்ணில இருக்குற செல்லுங்கள வளர்க்குற ஒரு ஃப்ளாஸ்க் பத்திரமா வெச்சிருப்போம், அப்புறம் கிருமிநாசினி ஊத்திக் கொட்டிடுவோம்னேன். சொல்லும்போதே மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னா அதுல என்ன இருக்குன்னு தினமும் பாக்குறவ நான். 15 வாரத்துக்கு மேல ஊசி வெச்சு 15-20 மில்லி எடுப்பாங்க, வெளிர் மஞ்சளா இருக்கும், குழந்தையோட தோல், நுரையீரல், சிறுநீர்ப் பாதைல இருந்து உதிர்ந்த செல்லுங்க அதுல மிதக்கும், முக்கால்வாசி செத்ததுதான். ஆனா மீடியம்ங்கிற சத்துத் திரவத்த ஊத்தி 37 டிகிரில ஒரு வாரம் அசைக்காம விட்டுட்டு மைக்ராஸ்கோப்ல பாத்தா, வெறுமனே கெடந்த ஃப்ளாஸ்க் அடில அங்கங்க திட்டுத்திட்டா உயிர் ஒட்டிப் பெருகிட்டு இருக்கும்.

அப்படி வளர்றதுல சுமார் நூத்துல ஒண்ணு ஸ்டெம் செல், அதாவது வேற வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல். 2007ல பாவ்லோ டி கோப்பி, ஆன்டனி அடாலாங்கிற விஞ்ஞானிகளோட குழு இத, செல் மேல இருக்குற சி-கிட்ங்கிற புரதத்த அடையாளமா வெச்சுப் பிரிச்சு எலும்பு, தசை, நரம்பு, கல்லீரல் செல்லுன்னு மாத்திக் காட்டினாங்க. கருவ அழிக்காமலே கிடைக்குது, எலிக்குப் போட்டப்ப கட்டியும் வரல.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படறது சினைப்பை ஆராய்ச்சிதான். கீமோ மருந்தால சினைப்பை கெட்டுப்போன எலிகளுக்கு இந்த செல்லப் போட்டுப் பாத்திருக்காங்க, அது கருமுட்டையா மாறல, ஆனா சினைப்பைக்குள்ள மிச்சம் இருந்த, கருமுட்டை வளர்ற குட்டிப் பைகள சாகாம காப்பாத்துச்சு, அந்த எலிங்க திரும்ப குட்டி போட்டுச்சு. சின்ன வயசுல கேன்சர் வந்து கீமோ எடுக்குற பொண்ணுங்கள நெனச்சுப் பாருங்க.

ஆனா அது எலி. மனுஷங்களுக்கு இது இன்னும் சிகிச்சை ஆகல, ஸ்டெம் செல் போட்டு கருமுட்டைய வர வெக்கிறோம்னு யாராவது பணம் கேட்டா தயவுசெஞ்சு குடுக்காதீங்க. தானம் குடுக்கணும்னே ஆம்னியோவும் பண்ணிக்காதீங்க, கொஞ்சமா இருந்தாலும் கரு கலையுற ரிஸ்க் இருக்கு. டாக்டர் எழுதிக் குடுத்து எப்படியும் எடுக்குறவங்க மட்டும், மிச்சம் ஆராய்ச்சிக்குப் போக வழி இருக்கான்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கேளுங்க, வேணாம்னு சொல்றதும் உங்க உரிமைதான்.

அந்தப் பொண்ணு கெளம்பும்போது சொன்னாங்க, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே." எங்க ஃபார்ம்ல அந்தக் கேள்விக்கு அப்ப ஒரு வரிகூட இல்ல.