கல்வத்தில் முடிகிற வினைக்குக் குடுவை எதற்கு?

வேலூரில் ஒரு கல்லூரியில் கரிம வேதியியல் ஆய்வகம் நடத்துகிறேன். முதுநிலை மாணவர்கள் முதல் நாள் பளபளக்கும் கண்ணாடிக் கருவிகளை எதிர்பார்த்து வருவார்கள். நான் கொடுப்பது பீங்கான் கல்வமும் குழவியும்.

ஆர்த்தோ வனிலினும் பாரா டொலுயிடினும் சம மோல் அளவில், அதாவது மூலக்கூறு எண்ணிக்கை சமமாக. இரண்டும் வெளிறிய திடப்பொருள்கள். அரைக்கத் தொடங்கியதும் கலவை இளகி ஆரஞ்சு நிறமாகும். சிறிது நேரத்தில் இறுகிப் பொடியாகும். இரண்டும் இணைந்து உருவாகும் ஷிஃப் காரம் என்ற சேர்மம் தயார். ஆல்கஹால் ஊற்றவில்லை, அமிலத் துளி விடவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. கணக்குப்படி 259 கிராம் மூலப்பொருளில் 241 கிராம் விளைபொருளாகிவிடுகிறது.

இளகுவதில்தான் சூட்சுமம். இரண்டின் உருகுநிலையும் 40 டிகிரியை ஒட்டியவை. கலந்தால் இன்னும் இறங்கும். வழக்கமாகப் பொருள்களைக் கரைத்துக் கலக்கவிடும் திரவமான கரைப்பானின் வேலையை அந்த உருகலே பார்க்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாரா டொலுயிடின் தோல் வழியே உள்ளே போகும் நஞ்சு. ‘பசுமை வேதியியல்’, அதாவது கழிவையும் கேட்டையும் குறைக்கும் வேதியியல், என்று கேட்டதும் கையுறையைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாடத்தை எங்கள் ஊரில் நடத்துவதற்குத் தனிக் காரணம் உண்டு. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நாம் சொல்வதுதான். ஆனால் இங்கே உப்பைத் தின்றவன் ஒருவன், உப்புத் தண்ணீர் குடித்தவன் வேறொருவன். கிணற்றுக்குள் போய்விட்ட கழிவைத் திரும்ப எடுப்பதைவிட, கழிவே பிறக்காத வழியைத் தேடுவது மலிவு. வேதியியலாளர்கள் பால் அனஸ்டாசும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு 1998இல் வகுத்த 12 கோட்பாடுகளில் முதலாவது இதுவே.

ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதை வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992இல் ‘ஈ காரணி’ என்று கணக்கிட்டார். பெட்ரோல் சுத்திகரிப்பில் அது 0.1 அளவுதான், மருந்துத் தயாரிப்பில் 25 முதல் 100க்கும் மேல். அதில் பெரும்பங்கு கரைப்பான்.

என் மனக்குறை வேறு. ‘கரைப்பான் இல்லை, வினையூக்கி இல்லை’ என்று தலைப்பிட்ட ஒரு திட்ட அறிக்கையை அண்மையில் திருத்தினேன். வினை கல்வத்தில் நடந்தது உண்மை. பிறகு அரை கிராம் பொருளைத் தூய்மைப்படுத்த, சிலிக்காப் பொடி நிரப்பிய குழாயில் ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பான்கள் ஒரு லிட்டருக்கு மேல் ஓடியிருக்கின்றன! பந்தியில் பரிமாறாத நெய்யைக் கொல்லைப்புறத்தில் கொட்டிய கதை. மாணவரைக் குறை சொல்லவில்லை. தலைப்பைத் தாண்டிக் கணக்குக் கேட்க நாங்கள் பழக்கவில்லை.

இன்னொன்று. கரைப்பான் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். கல்வத்தில் இரண்டு கிராமுக்கு வெதுவெதுப்பாக முடிகிற வினை, தொழிற்சாலைக் கலனில் இருநூறு கிலோவுக்குக் கட்டுமீறிப் போகலாம். ராணிப்பேட்டையில் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இதை இருமுறை சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது செய்முறை ஏட்டில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறோம்: கல்வம் கழுவியது உட்பட, மொத்தம் எத்தனை மில்லி கரைப்பான். அது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.