கொக்கின் குடலைக் கடந்து வருவது எது?

பேர வாவியோரம் கூழைக்கடாக்கள் நிற்பதைக் கொழும்பில் நாங்கள் ஆசையோடு பார்ப்போம். அதே கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகங்களை அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பார்ப்பது வேறு கண்ணால். மீனைத் தூக்கிக்கொண்டு போவது ஒரு நட்டம். ஒரு குளத்து நோயை எச்சத்தோடு அடுத்த குளத்தில் போட்டுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சு பொரிப்பகம் நடத்தியவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. 1970களில் ஆய்வாளர்கள் அதை நேரடியாகச் சோதித்தார்கள். நோய்க்கிருமி பறவையின் வயிற்றுக்குள் போய், உயிரோடு வெளியே வருமா? கேட்டது இவ்வளவுதான்.

டென்மார்க்கில் எஸ்கில்ட்சனும் யோர்கன்செனும் ட்ரவுட்டைக் கொல்லும் இரண்டு வைரஸ்களைக் கடற்காகங்களில் சோதித்து, 1973இல் முடிவை வெளியிட்டார்கள். எக்ட்வெட் என்ற டேனிஷ் கிராமத்தின் பெயரால் அறியப்பட்ட வைரஸ், குடலைத் தாண்டவில்லை. கணையத்தை அழிக்கும் மற்ற வைரஸ் எச்சத்தில் உயிரோடு இருந்தது. ஒரே பறவை, ஒரே குடல். பிறகு ஏன் இரண்டு விடை?

காரணம் வைரஸின் மேலுறையில் இருக்கிறது. எக்ட்வெட் வைரஸைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. இரைப்பை அமிலம் அதைப் பலவீனமாக்கும். சவர்க்காரம் எண்ணெயைப் பிரிப்பது போல, பித்தநீர் அந்தச் சவ்வைக் கரைத்துவிடும். அது குளிர்நீரில் பெருகும் வைரஸ். பறவையின் உடல் வெப்பமோ 40 பாகை செல்சியஸ் அளவு. கணைய வைரஸுக்கு அந்தச் சவ்வே இல்லை. கெட்டியான புரத ஓடு மட்டும். அமிலத்தையும் சூட்டையும் அது தாங்கிக்கொள்ளும்.

ஆகவே 'பறவை நோய் பரப்புகிறது' என்று மொத்தமாகச் சொல்வது தவறு. எந்தக் கிருமி என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு உதாரணம், ட்ரவுட் குஞ்சுகள் வாலைத் துரத்துவது போலச் சுழலும் நோய். இதன் ஒட்டுண்ணி, ஜெர்மன் ஆய்வாளர் ஹோஃபர் 1903இல் பெயரிட்டது, மீனின் குருத்தெலும்பைத் தின்னும். அது பரவ உதவும் நுண்ணிய வித்து (spore) ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான்; ஆனால் இரண்டு கெட்டி ஓடுகள் சேர்ந்து மூடியது. 1978இல் அமெரிக்காவில் டெய்லரும் லொட்டும் நோயுற்ற மீனைக் காட்டு வாத்துக்கும் இராக்கொக்குக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். வித்து குடலைக் கடந்தும் சாகவில்லை. இராக்கொக்கு எங்கள் கொழும்புச் சதுப்புகளிலும் உண்டு.

இந்த நோயில் ஆய்வாளர்களைப் பல்லாண்டு குழப்பிய விஷயம் வேறு. புதிய வித்தை நேராக மீனுக்குக் கொடுத்தால் நோய் வராது. பல மாதம் சேற்றில் கிடந்த பிறகுதான் வரும். வித்து 'முதிர' வேண்டும் என்று நினைத்தார்கள். வுல்ஃப், மார்கிவ் என்ற ஆய்வாளர்கள்தான் 1984இல் விடையை விளக்கினார்கள்: சேற்றில் இருக்கும் டியூபிஃபெக்ஸ் புழு அந்த வித்தைத் தின்கிறது, புழுவுக்குள் அது முற்றிலும் வேறு உருவெடுத்து வெளியே வந்து மீனைத் தொற்றுகிறது. கலர் மீன் கடைகளில் தீனியாக விற்கும் சிவப்புப் புழு இந்த வகையைச் சேர்ந்ததுதான். பயப்பட வேண்டாம், இது ட்ரவுட், சால்மன் குடும்பத்து நோய். கப்பிக்கோ கோல்ட்ஃபிஷுக்கோ வராது.

சில ஒட்டுண்ணிகளுக்குப் பறவை வெறும் வாகனம் அல்ல, வீடு. மீனின் கண்ணைக் குருடாக்கும் தட்டைப்புழு கடற்காகத்தின் குடலில் முட்டையிடும். எச்சத்தோடு நீருக்கு வரும் முட்டை பொரிந்து, நன்னீர் நத்தைக்குள் புகும். நத்தையிலிருந்து கவட்டை வாலோடு நீந்தி வரும் குஞ்சு, மீன் தோலைத் துளைக்கும்போது வாலைக் கழற்றிவிட்டு, ஒரு நாளுக்குள் கண்வில்லையை அடையும். அங்கே இரத்தக் குழாய் இல்லாததால் மீனின் எதிர்ப்புச் சக்தி அதை எட்டாது. வில்லை வெண்மையாகி, பார்வை போய், மீன் மேற்பரப்பில் தடுமாறும். கடற்காகத்துக்கு எளிதாக அகப்படும். புழு மறுபடி பறவைக்குள்!

குளம் வைத்திருப்பவருக்கு இதில் வேலை இருக்கிறது. கொக்கைத் துரத்துவது அதில் கடைசி. வலை கட்டலாம், ஆனால் பறவை சிக்கிச் சாகாத அளவுக்கு இறுக்கமாக. செத்த மீனை அன்றன்றே எடுத்தால், பறவை தின்ன நோயுற்ற இரை மிதக்காது. கண் வெளுத்த மீன்கள் தெரிந்தால் நத்தையைத் தேடுங்கள். குளத்தை வடித்துக் காயவிட்டு, கரையோரப் பாசியைச் சுரண்டினால் நத்தை குறையும். நத்தை இல்லாத குளத்தில் அந்தத் தட்டைப்புழுவின் முட்டை பொரிந்தாலும் குஞ்சுக்குப் போக இடமில்லை.